அண்ணாச்சி குனியாத நாற்பத்தெட்டு நாட்கள்

ராஜபாளையத்தில் பஞ்சு மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் சித்த வைத்தியசாலை. அதில் ஆண்கள் அறை ஒன்று, பெண்கள் அறை ஒன்று. ஆண்கள் அறையில் இருபத்திரண்டு வருடமாக எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் ஜெபக்குமார் அண்ணாச்சி. பெண்கள் அறையில் ஒன்பது வருடமாக நான், காளீஸ்வரி. டாக்டர் அனுசியா நாடி பார்த்து மருந்து எழுதுவார். மேலுக்குத் தேய்க்க வேண்டியதை நாங்கள் தேய்ப்போம். இதற்குத் தொக்கணம் என்று பெயர். வருகிறவர்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. தேய்ப்பு என்பார்கள்.

வருகிறவர்கள் மில்லில் நூல் மூட்டை தூக்குகிறவர்கள், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறியில் நிற்கிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள். எல்லோருக்கும் இடுப்பு வலி. வேறு வலியோடு யாராவது வந்தால் டாக்டரம்மா அவரைச் சற்று நேரம் உற்றுப் பார்ப்பார்.

அண்ணாச்சிக்கு வயது ஐம்பத்தொன்று. சொந்த ஊர் ஆலங்குளம். இருபத்தொன்பது வயதில் மில்லில் மூட்டை தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டு இங்கே நோயாளியாக வந்தவர். அப்போது டாக்டரம்மாவின் அப்பாதான் வைத்தியர். குணமான பிறகு அண்ணாச்சி மில்லுக்குத் திரும்பவில்லை. பக்கத்துப் பலகையில் படுத்திருந்தவருக்கு ஒற்றடம் கொடுக்க ஒருநாள் ஆள் இல்லை, இவர் கொடுத்தார், அப்படியே இருந்துவிட்டார்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. புதிதாக வருகிறவரை முதல்நாள் கதவருகே நிறுத்துவார். தன் தோள் துண்டைத் தரையில் போடுவார். “எடுங்க” என்பார். வந்தவர் முட்டிவரை குனிந்து “அம்மா” என்று நிற்பார். அண்ணாச்சி தானே முட்டியை மடக்காமல் குனிந்து துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “பதினஞ்சு நாள் கழிச்சு நீங்க எடுப்பிய” என்று சொல்வார். பதினைந்தாம் நாள் மறுபடி துண்டு விழும். அவர்கள் எடுப்பார்கள். டாக்டரம்மா நோட்டோடு கதவருகே வந்து, “துண்டு எடுத்தாரா?” என்று கேட்டு, ‘குணம்’ என்று எழுதிக்கொள்வார். இருபத்திரண்டு வருடத்தில் துண்டை எடுக்காதவர்கள் நான்கு பேர். அவர்களின் பெயர் அண்ணாச்சிக்கு மனப்பாடம்.

கார்த்திகையில் ஒருநாள் அவர் துண்டைப் போட்டார். வந்தவரால் எடுக்க முடியவில்லை. அண்ணாச்சி குனியவில்லை. வந்தவரின் தம்பியைப் பார்த்து, “நீ எடுத்துக் குடுப்பா” என்றார்.

இரண்டு அறைக்கும் நடுவில்தான் அடுப்பு. எண்ணெய் காய்ச்சுவதும் நொச்சி இலையை வதக்கி மூட்டை கட்டுவதும் என் வேலை. திரையை ஒதுக்கினால் ஆண்கள் அறை தெரியும். நான் பார்த்தேன். அன்றிலிருந்து தினமும் பார்த்தேன். தரையில் இருக்கும் எண்ணெய்க் கிண்ணத்தை அண்ணாச்சி காலால் பக்கத்தில் இழுத்தார். உட்கார்ந்து தேய்க்கிற மணையிலிருந்து எழும்போது சுவரைப் பிடித்தார். யாராவது பார்த்தால் சுவரில் ஏதோ அழுக்கு இருந்ததுபோல் தேய்த்துவிட்டார். அந்த இடத்தில் சுவர் கொஞ்சம் வெளுத்துவிட்டது.

நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. பக்கத்துக் காம்பவுண்டுச் சுவர் கட்டி மிஞ்சிய செங்கல் பின்வாசலில் கிடந்தது. ஒரு செங்கலைப் பேண்டேஜ் துணியில் சுற்றிக் கிண்ணத்துக்கு அடியில் வைத்தேன். மறுநாள் இன்னொன்று. பிறகு நோயாளி படுக்கிற பலகை. அதற்கு ஒரு சாண் உயரத்தில்தான் கால். சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் போனபிறகு ஒவ்வொரு மூலையாக நெம்பித் தூக்கிச் செங்கல் வைத்தேன். அடுத்த சனிக்கிழமை அதன்மேல் குறுக்காக இன்னொரு வரிசை. இப்படி ஆண்கள் அறையில் நோயாளிகள் வாரத்துக்கு ஒரு செங்கல் உயரம் மேலே போய்க்கொண்டிருந்தார்கள். ஆறாவது வரிசையோடு நிறுத்திக்கொண்டேன். அண்ணாச்சி மணையை விட்டுவிட்டு நின்றபடியே தேய்க்க ஆரம்பித்திருந்தார்.

அவரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஒருநாள் மட்டும் சுவரைப் பார்த்து, “பலகை இப்பம் வாட்டமாத்தான் இருக்கு” என்றார்.

டாக்டரம்மாவிடம் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. எனக்கு முன்னால் பெண்கள் அறையில் வேலுத்தாய் அக்கா இருந்தார். அவருக்கு மணிக்கட்டில் வலி வந்தது. டாக்டரம்மா நல்லவர். “தேய்க்கிற கைக்கு வலி வந்தா ஓய்வுதான் மருந்து” என்று ஒரு சேலையும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அக்காவின் கை ஒரு மாதத்தில் சரியாகிவிட்டது. ஆனால் அதற்குள் நான் வந்துவிட்டேன். அண்ணாச்சிக்கு வேறு தொழில் தெரியாது. வைத்தியசாலை மூடியிருக்கும் ஞாயிறும் செவ்வாயும் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பையில் விட்டுக்கொண்டு நடக்கிறவர்.

மாசி பிறந்ததும் டாக்டரம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

“பங்குனிக் கடைசி ஞாயித்துக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர்ல இலவச முகாம் வைக்கப் போறோம். மண்டபம் பேசியாச்சு. நம்மகிட்ட குணமான ஆளுகளையும் வரச் சொல்லியிருக்கேன். அண்ணாச்சி, நீங்க மேடையில அந்தத் துண்டைப் போட்டு எடுத்துக் காட்டணும். அதப் பாத்தா ஆயிரம் நோட்டீஸ் அடிச்ச மாதிரி.”

“சரி டாக்டரம்மா” என்றார் அண்ணாச்சி.

நான் காலண்டரில் எண்ணினேன். நாற்பத்தொன்பது நாள் இருந்தது. சித்த வைத்தியத்தில் ஒரு மண்டலம் என்பது நாற்பத்தெட்டு நாள். அவரும் எண்ணியிருக்க வேண்டும். நான் திரும்பியபோது காலண்டருக்கு முன்னால் அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை, என் மாமியாருக்கு முட்டுவலித் தைலம் வாங்க ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரியின் சித்தா பிரிவுக்குப் போனேன். அங்கே தைலத்துக்கு நாம்தான் பாட்டில் கொண்டுபோக வேண்டும். வரிசையில் எல்லோர் கையிலும் ஒரு காலி பாட்டில். எனக்கு ஆறேழு பேருக்கு முன்னால் இருமல் மருந்து பாட்டிலோடு அண்ணாச்சி நின்றார். அவருக்கு முன்னால் மாம்பழ ஜூஸ் பாட்டிலோடு தனுஷ்கோடி. அவர் டெம்போ ஓட்டுகிறவர். சுந்தரபாண்டியத்தில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. மூன்று மாதத்துக்கு முன்னால் அண்ணாச்சியிடம் பதினைந்து நாள் தேய்ப்பு முடித்துத் துண்டு எடுத்தவர்.

நான் சேலையைத் தலைக்கு இழுத்துவிட்டுத் தூணை ஒட்டி நின்றேன். தனுஷ்கோடி திரும்பிவிட்டார்.

“அண்ணாச்சி! நீங்க எங்கிட்டு இங்க?”

“ஒரு ஆளப் பாக்க வந்தேன்.”

“பாட்டிலோடயா?”

அண்ணாச்சி பாட்டிலைப் பார்த்தார். “அவருக்குத்தான்” என்றார்.

“நானும் வீட்டுக்காரிக்குத்தான்.”

“அவளுக்கு என்ன?”

“இடுப்பு.”

“நம்மகிட்டக் கூட்டிட்டு வரலாம்லா? காளீஸ்வரி இருக்கால்ல.”

“அவ ரொம்பக் கூச்சப்படுவா அண்ணாச்சி.”

தனுஷ்கோடியின் மனைவி அழகுத்தாய் தோள் வலிக்காக ஏற்கெனவே என்னிடம் வந்துகொண்டிருந்தாள். பஸ் கண்டக்டரிடம் தன் பிரசவக் கதையைச் சொல்கிறவள். நான் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருந்த அம்மாவுக்குக் குரல் நன்றாக இருந்தது. “தனுஷ்கோடி, நாப்பத்தாறு, இடுப்பு வலி. பாட்டில நீட்டுங்க” என்றார். தனுஷ்கோடி நீட்டினார். “ஜெபக்குமார், அம்பத்தொண்ணு, இடுப்பு வலி, புதுசு. பாட்டில நீட்டுங்க.” அண்ணாச்சியும் நீட்டினார்.

மருந்தை வாங்கிக்கொண்டு இருவரும் சைக்கிள் ஸ்டாண்டு கட்டைச் சுவரில் போய் உட்கார்ந்தார்கள். உட்காரும்போது இருவருமே சுவரைப் பிடித்துக்கொண்டார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் வரிசையை விட்டு வந்து நின்று மாமியாரின் சீட்டை மூன்றாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

“ஏலே, அன்னைக்கு நீ துண்டு எடுத்தேல்ல?” என்றார் அண்ணாச்சி.

“எடுத்தேன்.”

“பொறவு?”

“பொறவு மூணு நாள் எந்திரிக்கல.”

“பொறவு எதுக்குலே எடுத்த?”

“நீங்க எம் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னிய. பதினஞ்சு நாள் வேர்வை சொட்டச் சொட்டத் தேச்சிருக்கிய. டாக்டரம்மா வேற நோட்டோட வந்து நிக்காவ. எடுக்காமப் போனா நல்லாவா இருக்கும்? ஒரு மரியாத வேண்டாமா?”

“மரியாதைக்கா எடுத்த?”

“நான் ஒருத்தன் மட்டுமா? எனக்கு முந்தி எடுத்துட்டுப் போனாருல்ல, சத்திரப்பட்டிக்காரரு, அவரு வாசல்ல செருப்பு வார் மாட்ட முடியாம நின்னாரு. நான்தான் மாட்டிவிட்டேன். எனக்கு அழகுத்தாய் மாட்டிவிட்டா.”

அண்ணாச்சி பாட்டில் மூடியை இறுக்கினார். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

“எம்புட்டுப் பேரு இப்படி எடுத்திருப்பாவ?” என்று கேட்டார்.

“அது எனக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி? இதயெல்லாமா வெளிய சொல்லுவாவ?”

பிறகுதான் அண்ணாச்சி தன் சங்கதியைச் சொன்னார். மருந்து தந்திருக்கிறார்கள், குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, பத்தியம் இருக்க வேண்டும், தினமும் தைலம் தேய்க்க வேண்டும். தேய்க்கத்தான் ஆள் இல்லை. ராஜபாளையத்தில் யாரிடம் போய்ப் படுத்தாலும் மறுநாள் டாக்டரம்மா காதுக்குப் போய்விடும். அடுத்த வாரம் கடிகாரம் வந்துவிடும்.

“நான் தேச்சுவிடுதேன்” என்றார் தனுஷ்கோடி. “உங்க கை எனக்குத் தெரியும். பதினஞ்சு நாள் வாங்கியிருக்கேன். எனக்கு நீங்க, உங்களுக்கு நான்.”

மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் அண்ணாச்சி சாயங்கால பஸ்ஸில் சுந்தரபாண்டியத்துக்கு வந்தார். டெம்போ நிறுத்தும் தகரக் கொட்டகையில் பாய் விரித்து, ஒருவர் முடிந்ததும் மற்றவர் படுத்தார்கள். அங்கே நடந்ததை எனக்குச் சொன்னவள் அழகுத்தாய். குப்புறப் படுத்திருக்கிற பெண்கள் எதையும் மறைப்பதில்லை. எதிரில் முகம் இல்லாததால் இருக்கலாம்.

அண்ணாச்சிக்கு அவர் கட்டைவிரல்மேல் பெருமை. இடுப்பெலும்புக்கு இரண்டு பக்கமும் கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து அழுத்துவார். ராஜபாளையத்தில் அதற்கு நல்ல பெயர் இருந்தது. முதல்நாள் தனுஷ்கோடி அதே இடத்தில் விரலை வைத்திருக்கிறார்.

“ஏலே, கைய எடுலே!”

“நீங்க இப்படித்தான அமுக்குனிய.”

“நான் இம்புட்டு அமுக்கமாட்டேன்.”

“இதுல பாதிதான் அமுக்குதேன் அண்ணாச்சி. நான் கத்துனப்ப என்ன சொன்னிய? ‘வாயு வெளியேறுது, நல்லாக் கத்துங்க’ன்னிய.”

அண்ணாச்சி பாயை இறுகப் பிடித்துக்கொண்டாராம்.

“இப்பம் உங்க வாயு வெளியேறுது” என்று சொல்லிவிட்டுத் தனுஷ்கோடி இன்னொரு தடவை அமுக்கினாராம். இதைச் சொல்லும்போது அழகுத்தாய் சிரித்த சிரிப்பில் எண்ணெய்க் கிண்ணம் கவிழ்ந்தது.

பத்தியம் அதைவிடச் சிரமமாக இருந்தது. அண்ணாச்சி இத்தனை வருடம் மத்தியானம் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டுக்கொண்டே நோயாளிகளுக்குப் பத்தியம் சொன்னவர். புளி கூடாது, கத்திரிக்காய் கூடாது, கருவாடு கூடவே கூடாது என்பார். இப்போது அவர் டிபன் பாக்ஸில் பாசிப்பருப்பும் முருங்கைக்கீரையும் மட்டும் வந்தன. அவர் மனைவி பாண்டிசெல்வி எனக்குப் போன் செய்தார்.

“ஏட்டி காளீஸ்வரி, அவிய புளியே வேண்டாங்கிறாவ. சாயங்காலம் வீட்டுக்கு வர்ற நேரமும் சரியில்ல. சட்டையில புது எண்ணெய் வாட அடிக்கி. என்னட்டி நடக்கு?”

“டாக்டரம்மா எல்லாரையும் பத்தியம் இருக்கச் சொல்லியிருக்காங்க மதினி.”

“நீயும் இருக்கியா?”

“இருக்கேன்.”

அதன்பிறகு நானும் இருக்க வேண்டியதாயிற்று. பாண்டிசெல்வி மதினி சொல்லாமல் வந்து டிபன் பாக்ஸைத் திறந்து பார்க்கக்கூடியவர்.

மூன்றாவது வாரம் திரைக்கு அந்தப் பக்கம் சத்தம் குறைந்துவிட்டது. ஆண்கள் அறையில் யாரும் கத்தவில்லை. எட்டிப் பார்த்தேன். அண்ணாச்சி கட்டைவிரலை மடக்கி வைத்துக்கொண்டு உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒற்றட மூட்டை ஆறினால் இன்னொன்று கேட்டார், அதுவும் ஆறினால் இன்னொன்று. முன்பெல்லாம் ஒன்றோடு முடித்துவிடுவார். “ராத்திரி எந்தப் பக்கமாத் திரும்பிப் படுத்தா வலிக்கி?” என்று கேட்டார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் நோயாளியிடம் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். துண்டைத் தோளிலிருந்து எடுக்கவேயில்லை. பதினைந்தாம் நாள்காரர்களிடம், “முகாம் முடிஞ்சு பாத்துக்கிடலாம்” என்றார். நோட்டில் ‘குணம்’ ஏறவில்லை. டாக்டரம்மா என்னிடம், “அண்ணாச்சிக்கு ஏதும் மனசு சரியில்லையா?” என்று விசாரித்தார். தெரியவில்லை என்றேன்.

முகாம் அன்று மண்டபத்தில் நூற்றைம்பது பேர் இருப்பார்கள். டாக்டரம்மா இடுப்பு வலி ஏன் வருகிறது என்று நாற்பது நிமிடம் பேசினார். அதுவரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததில் வலி இல்லாமல் வந்தவர்களுக்கும் வந்துவிட்டது. அடுத்து அண்ணாச்சியைக் கூப்பிட்டார். “இருபத்திரண்டு வருஷமா இவர் ஒரு துண்டைப் போடுவார். போடும்போது எடுக்க முடியாதவங்க, போகும்போது எடுத்துட்டுப் போவாங்க. இப்ப அவரே செஞ்சு காட்டுவார்.”

கை தட்டினார்கள். அண்ணாச்சி மேடைக்கு நடுவில் வந்தார். வெள்ளை வேட்டி, புதுத் துண்டு. நான் ஓரத்தில் எண்ணெய்ப் பாட்டில்களுக்குப் பின்னால் நின்றேன். அவர் துண்டைப் போட்டார்.

மெதுவாகக் குனிந்தார். கை முட்டியைத் தாண்டியது. கெண்டைக்காலின் பாதிக்கு வந்தது. துண்டுக்கு மேலே ஒரு சாணில் நின்றது. விரல்கள் நீண்டன. ஒரு சாண் அப்படியேதான் இருந்தது.

மூன்றாவது வரிசையிலிருந்து தனுஷ்கோடி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். “முட்டிய மடக்குங்க அண்ணாச்சி. முட்டிய மடக்கி எடுத்துருங்க. நாங்கள்லாம் அப்படித்தான் எடுத்தோம்.” மெல்லிய குரலில் சொல்வதாக அவர் நினைத்திருக்க வேண்டும். டெம்போ ஓட்டுகிறவர்களுக்கு மெல்லிய குரல் கிடையாது.

அண்ணாச்சி முட்டியை மடக்கவில்லை. தொடையில் கையை ஊன்றி நிமிர்ந்தார். மைக்கைப் பிடித்தார்.

“எனக்கு இம்புட்டுதான் வருது. நாலரை மாசமா இடுப்பு வலி. நாப்பத்தெட்டு நாளா மருந்து சாப்புடுதேன். பத்தியம் இருக்கேன். முன்ன முட்டி வரைக்கும்கூட வராது. இப்பம் இது வரைக்கும் வருது. அம்புட்டுதான்.”

டாக்டரம்மாவின் முகத்தில் நாற்பது நிமிடப் பேச்சு அப்படியே நின்றிருந்தது.

“இன்னொண்ணு” என்றார் அண்ணாச்சி. “எங்கிட்ட மரியாதைக்குத் துண்டு எடுத்தவங்க கையத் தூக்குங்க.”

யாரும் தூக்கவில்லை. அதுவும் மரியாதைதான். தனுஷ்கோடி முதலில் தூக்கினார். சத்திரப்பட்டிக்காரர் தூக்கினார். பிறகு அங்கங்கே தூக்கினார்கள். தோளும் வலிக்கிற ஒருவர் பாதி தூக்கினார். இருபத்தாறரை கை. நான் எண்ணிவிட்டேன்.

அண்ணாச்சி ஒவ்வொரு கையாகப் பார்த்தார். “தொந்தரவு குடுத்துட்டேன்” என்றார். மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கினார். துண்டு மேடையிலேயே கிடந்தது. நன்றியுரை முடிந்தபிறகு மைக் செட்டுக்காரர் அதை எடுத்து வயரைத் துடைத்தார்.

இரண்டு நாள் டாக்டரம்மா அண்ணாச்சியோடு பேசவில்லை. புதன்கிழமை காலையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு ஆண்கள் அறைக்குள் வந்தார். தேய்ப்பு நேரத்தில் அவர் அந்த அறைக்குள் வருவதில்லை. பெட்டி சுவர்க் கடிகாரம் அளவுக்கு இருந்தது. அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டு நேராக நின்றார். அவரால் இப்போது அவ்வளவு நேராக நிற்க முடிந்தது.

டாக்டரம்மா பெட்டியை ஜன்னலில் வைத்துவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். வெளுத்த சுவரைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். அடியில் பேண்டேஜ் துணி சுற்றிய செங்கல்களைப் பார்த்தார்.

“இத யாரு வச்சது?”

“தெரியல டாக்டரம்மா” என்றார் அண்ணாச்சி.

டாக்டரம்மாவுக்குப் பின்னால் ஆசாரி அளவு டேப்போடு வந்து நின்றார். “புதுப் பலகைக்குக் கால் எத்தன இஞ்ச் வைக்கணும்?” என்றார்.

“இருபத்தேழு” என்றேன், திரையை ஒதுக்கி.

மூவரும் திரும்பினார்கள். என்னைக் கேட்காமலே நான் அங்கே பேசியது அதுதான் முதல்முறை. ஆசாரி அளந்து பார்த்து, இருபத்தேழு என்று எழுதிக்கொண்டார்.

“ரெண்டு அறைக்கும் போடுங்க” என்றார் டாக்டரம்மா. “அண்ணாச்சி, ஒரு நாளைக்கு அஞ்சு பேருக்கு மேல தேய்க்க வேண்டாம். உங்க மருந்து இனிமே இங்கயே. வேலுத்தாய்க்கும் அன்னைக்கே இப்படி ஏதாவது யோசிச்சிருக்கணும்.” சொல்லிவிட்டுப் போய்விட்டார். பெட்டியில் முகாமில் மிஞ்சிய நோட்டீஸ்கள் இருந்தன. எண்ணெய் துடைக்க வைத்துக்கொண்டோம்.

இப்போது துண்டு இல்லை. பதினைந்தாம் நாள் அண்ணாச்சி நோயாளியோடு வாசல்வரை போகிறார். வந்தவர் செருப்பு மாட்டும்போது ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்கிறார். இவர் பார்க்கிறார் என்று தெரிந்தால் மரியாதைக்குக் குனிந்துவிடுவார்கள். யார் தானாக வார் மாட்டினார்கள், யார் சுவரைப் பிடித்தார்கள் என்று ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்து நான் சொல்கிறேன். டாக்டரம்மா எழுதிக்கொள்கிறார். ரப்பர் செருப்புக்காரர்களைப் பற்றி ஒன்றும் சொல்ல முடிவதில்லை.

தனுஷ்கோடி மறுபடி வந்து பதினைந்து நாள் தேய்ப்பு முடித்தார். வலது கால் அவரே மாட்டினார். இடது காலை நீட்டிக்கொண்டு நின்றார். அழகுத்தாய் வந்து மாட்டிவிட்டாள். நோட்டில் ‘பாதி’ என்று எழுதியிருக்கிறது.